கலாத்தியாவுக்கு எவ்வளவு நிழல் வேண்டும்?

வீட்டுக்குள் வைக்கும் செடிகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "கலாத்தியா வாங்குங்க, அதுக்கு வெயிலே வேண்டாம், நிழல்லயே நல்லா வரும்." அதைக் கேட்டு வாங்கியவர், வீட்டிலேயே நல்ல நிழலான இடம் எது என்று தேடி, சோபாவுக்குப் பின்னால் உள்ள மூலையில் கொண்டுபோய் வைக்கிறார். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. அப்புறம் இலை நுனி பழுப்பாகும். புது இலை சிறுத்து வரும். காம்பு மெலிந்து ஒரு பக்கமாகச் சாயும். தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். வேர் அழுகும். கடைசியில் "எனக்குச் செடி ராசியே இல்லை" என்று தொட்டி மாடிக்குப் போய்விடும்.

ராசியில் கோளாறு ஒன்றும் இல்லை. நிழல் என்கிறார்களே தவிர, எவ்வளவு நிழல் என்று யாரும் அளந்து சொல்வதில்லை. அந்த அளவு புரிந்துவிட்டால் தண்ணீர், மண், ஈரப்பதம் பற்றிய பாதிக் குழப்பம் தானாகவே தெளிந்துவிடும்.

## முதலில் செடியைத் தெரிந்துகொள்வோம்

கலாத்தியாவும் மராந்தாவும் மராந்தேசி என்ற தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்தில் சுமார் 550 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தென், மத்திய அமெரிக்காவின் வெப்பமண்டலக் காடுகளில் வளர்கின்றன. ஆரோரூட் மாவு தரும் செடியும் இவர்களுக்குச் சொந்தம்தான். அழகுக்காக நாம் வளர்க்கும் வகைகளில் பல பிரேசில் நாட்டுக்காரர்கள்: மயில்தோகை மாதிரி இலை கொண்ட மகோயானா, வரிக்குதிரைக் கோடு போட்ட ஸெப்ரினா, நீண்ட இலையில் கரும்பச்சைப் பொட்டு வைத்த லான்சிஃபோலியா, சிவப்பு நரம்போடும் மராந்தா லியூகோநியூரா.

பெயரில் ஒரு சின்னச் சிக்கல். 2012இல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பிறகு, கலாத்தியா என்று அழைத்துவந்த பெரும்பாலான இனங்களைத் தாவரவியலாளர்கள் கோப்பர்ட்டியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். நர்சரிக்காரர்கள் இன்னும் கலாத்தியா என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். செடி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

இவை எல்லாமே காட்டின் கீழ்த்தளச் செடிகள். கீழ்த்தளம் என்றால், பெரிய மரங்களின் தழைக்கூரைக்கு அடியில், தரையை ஒட்டி இருக்கும் பகுதி. மழைக்காட்டில் அந்தக் கூரை 30, 40 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடுத்தர மரங்கள், அதற்கும் கீழே புதர்கள். எல்லாரும் வடிகட்டியது போக மிஞ்சும் வெளிச்சம்தான் தரைக்கு வரும்.

## மிஞ்சுவது எவ்வளவு?

அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு வருவது, கூரைக்கு மேலே விழும் வெளிச்சத்தில் 1 முதல் 2 சதவீதம். கேட்டவுடன், "அப்போ மூலையில் வைத்தது சரிதானே?" என்று தோன்றும். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கலாம். ஒரு பரப்பின் மேல் நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் எவ்வளவு விழுகிறது என்பதைச் சொல்லும் அளவு அது. உச்சி வெயிலில் திறந்தவெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். அதில் 1 முதல் 2 சதவீதம் என்றால் 1,000 முதல் 2,000 லக்ஸ். இப்போது வீட்டுக்குள் வாருங்கள். விளக்குப் போட்ட ஒரு சாதாரண அறையில் இருப்பது 100 முதல் 300 லக்ஸ். சோபா மூலையில் அதுவும் இருக்காது.

அதாவது, இருண்ட காடு என்று நாம் கற்பனை செய்யும் அந்தத் தரையைவிட நம் வரவேற்பறை மூலை பல மடங்கு இருட்டு. காட்டின் நிழலில் வாழப் பழகிய செடியை, அது பிறந்த இடத்தில்கூடப் பார்த்திராத இருட்டில் வைத்துவிட்டு, "நிழல்செடிதானே" என்கிறோம்.

இது நமக்கு ஏன் தெரிவதில்லை என்றால், நம் கண் மோசமான அளவுகோல். வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிகிறது, விழித்திரை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. 1,000 லக்ஸிலும் 100 லக்ஸிலும் நாம் ஒரே மாதிரி வசதியாகச் செய்தித்தாள் படிப்போம். இலைக்கு அப்படிச் சமாளிக்க வழியில்லை. பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் என்றால் உணவும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

## வரவும் செலவும்

செடியை மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பமாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும் நேரத்தில் இலை சர்க்கரை தயாரிக்கிறது, அது வரவு. இதற்குப் பெயர் ஒளிச்சேர்க்கை. செலவு இரவு பகல் பார்க்காமல் நடந்துகொண்டே இருக்கிறது: வேருக்கு, தண்டுக்கு, பழைய இலையைப் பராமரிக்க, புது இலையைக் கட்ட என்று சர்க்கரை எரிகிறது. இது சுவாசம்.

வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இலையின் வரவும் செலவும் சமமாகும். அந்த வெளிச்ச அளவுக்கு ஈடுசெய் புள்ளி என்று பெயர். அதற்குக் கீழே போனால் செடி சேமிப்பை எடுத்துச் சாப்பிட ஆரம்பிக்கும்.

வெயிலில் வளரும் செடிகளின் இலைகளுக்கு இந்தப் புள்ளி தோராயமாக 500 முதல் 1,000 லக்ஸ் அளவில் இருக்கும். நிழல்செடிகளின் இலைகளுக்கோ 50 முதல் 250 லக்ஸே போதும். இவ்வளவு குறைவில் எப்படிச் சமாளிக்கிறது? அதிகம் சம்பாதித்து அல்ல, சிக்கனமாக இருந்து. இலை மெல்லியது, அகலமானது. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய விலையுயர்ந்த நொதிகளைக் குறைவாகவே வைத்துக்கொள்கிறது. சுவாச வேகம் மந்தம். கட்டிய ஓர் இலையைச் சீக்கிரம் உதிர்க்காமல் நீண்ட நாள் உழைக்கவிடுகிறது. குறைந்த சம்பளத்திலும் கடன் வாங்காமல் ஓட்டும் குடும்பம் இது.

ஆனால் சிக்கனக் குடும்பத்துக்கும் சம்பளம் என்று ஒன்று வேண்டும். மேலே சொன்ன 50 முதல் 250 லக்ஸ், வெளிச்சத்தில் இருக்கும் ஓர் இலையின் சொந்தக் கணக்கு மட்டுமே. சம்பாதிக்காத வேரையும் தண்டையும் அந்த இலைதான் தாங்க வேண்டும். பன்னிரண்டு மணிநேர இரவுச் செலவும் அதன் தலையில்தான். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், செடி மெலியாமல் இருக்கவே அதைப்போலச் சில மடங்கு வெளிச்சம் தேவை. வளர வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம்.

மூலையில் வைத்த செடி முதல் மாதம் ஏன் நன்றாக இருந்தது என்பதும் இப்போது விளங்கும். நர்சரிகளில் கலாத்தியாவை வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் மறைக்கும் நிழல்வலைக்குள் வளர்க்கிறார்கள். அப்படி மறைத்தும் பகலில் 10,000 லக்ஸுக்கு மேல் கிடைக்கும். அங்கே நிறையச் சேமித்துக்கொண்டு வந்த செடி, உங்கள் வீட்டில் அதை எடுத்துச் செலவழிக்கிறது. கையிருப்பு தீர்ந்த அன்றுதான் வறுமை வெளியே தெரிகிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நிழல்செடி குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும், ஏனென்றால் அதன் செலவு குறைவு. ஆனாலும் வரவு செலவைவிடக் கூடுதலாக இருந்தாக வேண்டும். வீட்டு மூலையில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை.

## அப்படியானால் வெயிலிலேயே வைத்துவிடலாமா?

கூடாது. சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. இலையில் வெளிச்சத்தைப் பிடிக்கும் பச்சையம் நிறைய இருக்கிறது. பிடித்ததைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் குறைவு. நேரடி மதிய வெயில் பட்டால், மாற்றி முடிக்க முடியாத ஆற்றல் இலைக்குள் தேங்கி, ஒளிச்சேர்க்கை செய்யும் உறுப்புகளையே சேதப்படுத்தும். இது ஒளிக்காயம். முதலில் நிறம் வெளுக்கும், கோலம் மங்கும், அப்புறம் காய்ந்த திட்டுகள் விழும். மங்கிய இலை திரும்பப் பழைய நிலைக்கு வருவது அரிது.

ஆனால் காட்டுத் தரையில் நேரடி வெயிலே படாது என்றும் நினைக்க வேண்டாம். கூரையில் உள்ள சின்னச் சின்ன இடைவெளிகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து, சூரியன் நகர நகரத் தானும் நகரும். ஓர் இலைமேல் சில விநாடியோ சில நிமிடமோதான் தங்கும். இவற்றை வெயில்திட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் கீழ்த்தளச் செடிக்குக் கிடைக்கும் மொத்த வெளிச்சத்தில் பாதிக்கு மேல்கூட இந்தத் திட்டுகளிலிருந்தே வரும் காடுகள் உண்டு. நிழல்செடிகள் இதற்குத் தயாராகவே இருக்கின்றன. ஒரு திட்டு கடந்துபோன பிறகும் இலைத்துளைகளை உடனே மூடிவிடாமல், நொதிகளை விழிப்பு நிலையிலேயே வைத்திருந்து, அடுத்த திட்டு வரும்போது சட்டென்று வேலையைத் தொடங்கிவிடும். இலைத்துளை என்பது காற்றும் நீராவியும் போய்வரும் நுண்ணிய திறப்பு.

இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கிறதே, அதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்த நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. இலையைக் கடந்து வீணாகப் போகும் வெளிச்சத்தை அது மறுபடி மேலே திருப்பி அனுப்புகிறது என்று 1970களின் இறுதியில் ஒரு விளக்கம் சொன்னார்கள். கேட்க அழகான விளக்கம், அதனால் இன்றும் பலர் சொல்லிவருகிறார்கள். பிற்காலத்தில் இலைகளுக்குள் ஒளியை நேரடியாக அளந்து பார்த்தபோது அப்படித் திருப்பி அனுப்புவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. திடீரென்று விழும் வெயில்திட்டின் உபரி ஆற்றலிலிருந்து இலையைக் காப்பது போன்ற வேறு வேலைகளைத்தான் இப்போது முக்கியமாகப் பேசுகிறார்கள்.

## வீட்டில் எங்கே வைப்பது

ஜன்னலுக்குப் பக்கத்தில். நேரடி வெயில் வராத ஜன்னலாக இருந்தால் ஒட்டியே வைக்கலாம். காலை இளவெயில் ஒரு மணிநேரம் பட்டாலும் கெடுதல் இல்லை. மதிய வெயில் விழும் ஜன்னல் என்றால் ஒரு மெல்லிய வெள்ளைத் திரை போதும்.

ஜன்னலிலிருந்து விலக விலக வெளிச்சம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது பார்த்தால்தான் நம்ப முடியும். ஜன்னல் விளிம்பில் சில ஆயிரம் லக்ஸ் காட்டும் அறையில், இரண்டு மீட்டர் உள்ளே போனால் சில நூறுதான் காட்டும். கைபேசியில் வெளிச்சம் அளக்கும் செயலிகள் இருக்கின்றன. அவை துல்லியம் இல்லை என்றாலும் இந்த வித்தியாசத்தைக் காட்ட அவையே தாராளம்.

செயலி வேண்டாம் என்பவர்களுக்குக் கைநிழல் போதும். நடுப்பகலில் செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் கூர்மையான விளிம்போடு விழுந்தால் அந்த இடம் கலாத்தியாவுக்கு அதிகம். விளிம்பு மங்கி, ஆனால் இது கைதான், இதில் ஐந்து விரல் இருக்கிறது என்று தெரிந்தால் சரியான இடம். தாளில் ஏதோ லேசாகக் கருத்த மாதிரி மட்டும் இருந்தால், அங்கே பிளாஸ்டிக் செடி வையுங்கள்.

ஜன்னலே வாய்ப்பில்லை என்றால் சாதாரண வெள்ளை எல்இடி விளக்கு உதவும். செடிக்கு நேர் மேலே, ஒரு அடி முதல் ஒன்றரை அடி உயரத்தில், தினமும் பன்னிரண்டு மணிநேரம். நிலநடுக்கோட்டை ஒட்டிய காடுகளில் ஆண்டு முழுக்கப் பகல் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். ஊதா வெளிச்சம் அடிக்கும் விளக்குதான் வேண்டும் என்பதில்லை; வெள்ளை வெளிச்சத்திலும் செடிக்குத் தேவையான நிறங்கள் எல்லாம் இருக்கின்றன.

வெள்ளைத் திட்டுகள் நிறைந்த வகைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஒயிட் ஃப்யூஷன் போன்றவற்றில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் பச்சையம் கிடையாது. அந்தப் பகுதி செலவு செய்யும், சம்பாதிக்காது. ஆகவே அதே அளவு பச்சை இலைச் செடியைவிட இதற்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். முதன்முதலாக வளர்ப்பவர்கள் இந்த வகையில் தொடங்காமல் இருப்பது நல்லது. மராந்தா லியூகோநியூராவும் லான்சிஃபோலியாவும் இவ்வளவு படுத்தாது.

## இரவில் இலை நிமிர்வது ஏன்

இந்தக் குடும்பத்தின் பெரிய கவர்ச்சியே இதுதான். பகலில் விரிந்து கிடக்கும் இலைகள் மாலை மங்கியதும் மெல்ல மேலே எழுந்து, கை கூப்பினாற்போல் நிற்கும். காலையில் மறுபடி இறங்கும்.

காம்பும் இலைப்பரப்பும் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு சிறிய பகுதி மட்டும் கொஞ்சம் தடித்து, நிறம் சற்று மாறி, வழுவழுப்பாக இருக்கும். லேசாகத் தொட்டால் ஒரு மூட்டு போலத் தெரியும். அதன் பெயர் அதைப்பு. அதைப்பின் ஒரு பக்கச் செல்களுக்குள் பொட்டாசியம் அயனிகள் நுழையும்போது, பின்னாலேயே தண்ணீரும் நுழைந்து அந்தப் பக்கம் உப்பும். மறுபக்கச் செல்களிலிருந்து அயனியும் தண்ணீரும் வெளியேறி அந்தப் பக்கம் சுருங்கும். உப்பிய பக்கம் தள்ள, இலை எழுகிறது. காலையில் இதெல்லாம் தலைகீழாக நடக்கும். தசை இல்லை, நரம்பு இல்லை. தண்ணீரை இடம் மாற்றியே இவ்வளவு அசைவு.

இருட்டியதால்தான் எழுகிறது என்று தோன்றும். ஆனால் முழு இருட்டில் வைத்தாலும் இந்த மாதிரி அசைவுகள் சில நாள் தம் நேரப்படியே தொடரும். 1729இல் டி மேரான் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் தொட்டாற்சிணுங்கியை இருட்டில் வைத்து இதைக் கவனித்தார். செடிக்குள்ளேயே ஏறத்தாழ 24 மணிநேரச் சுழற்சி கொண்ட ஒரு கடிகாரம் ஓடுகிறது. பகல் வெளிச்சம் அதைத் தினமும் திருத்தி வைக்கிறது. இந்த அசைவால் செடிக்கு என்ன லாபம் என்பதற்கு இன்னும் ஒற்றை விடை கிடையாது. இரவில் இலை குளிர்ந்துபோவதை இது குறைக்கலாம் என்று சார்லஸ் டார்வின் 1880இல் எழுதினார்.

வளர்ப்பவருக்கு இதில் ஒரு பயன் உண்டு. மாலையில் நிமிர்ந்து காலையில் படுக்கும் இலை ஆரோக்கியமானது. பகலிலேயே இலை தன் நீளவாட்டில் குழலாகச் சுருண்டுகொண்டால், அது தூக்க அசைவே இல்லை. தண்ணீர் போதவில்லை அல்லது காற்று மிகவும் வறண்டிருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "செடி தூங்குது" என்று விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## நுனி ஏன் கருகுகிறது

எல்லோரும் முதலில் தண்ணீர் குறைவு என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஒழுங்காகத் தண்ணீர் விட்டும் நுனி மட்டும் கருகினால், தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வேர் எடுக்கும் தண்ணீர் காம்பு வழியே இலைக்கு வந்து, இலைத்துளைகள் வழியே ஆவியாகப் போகிறது. இது நீராவிப்போக்கு. போவது தண்ணீர் மட்டும். அதில் கரைந்து வந்த உப்புகள் போகாது. அவை தண்ணீர்ப் பாதையின் கடைசி முனையில், அதாவது இலையின் நுனியிலும் விளிம்பிலும் சேர்ந்துகொண்டே இருக்கும். அளவு மீறியதும் அந்த இடத்துச் செல்கள் செத்துப்போகும். அதனால்தான் கருகல் எப்போதும் நுனியில் தொடங்கி உள்நோக்கி வருகிறது.

மராந்தேசிக் குடும்பத்துக்கு ஃபுளோரைடு குறிப்பாக ஆகாது. டிரசீனா என்ற வீட்டுச்செடிக்கும் இதே குறைதான். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். திறந்து வைத்தால் குளோரின் வெளியேறும், ஃபுளோரைடு வெளியேறாது. கொதிக்க வைத்தால் இன்னும் மோசம். தண்ணீர் ஆவியாகிக் குறைய, மிச்சத்தில் ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். மழைநீரோ ஆர்ஓ இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீரோ இருந்தால் பிரச்சினையே இல்லை. இல்லையென்றால், மாதம் ஒருமுறை தொட்டியின் அடித்துளை வழியாக நிறையத் தண்ணீர் ஓடும்படி ஊற்றி, மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுங்கள். சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் ஃபுளோரைடு இருக்கிறது. அதை இந்தச் செடிகளுக்குப் போட வேண்டாம்.

## ஈரப்பதம்

கீழ்த்தளத்தில் காற்று அதிகம் வீசாது, வெயில் சுடாது, மண்ணும் இலைகளும் விடும் நீராவி அங்கேயே தங்கும். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஏசி ஓடும் அறையில் அது 40, 50க்கு இறங்கிவிடும். மெல்லிய இலை, வேர் அனுப்பும் வேகத்தைவிட வேகமாகத் தண்ணீரை இழக்கும். சுருட்டிக்கொண்டு வரும் புது இலை விரிய முடியாமல் ஒட்டிக்கொண்டு, விளிம்பு கிழிந்து வெளிவரும். வறண்ட காற்று சிவப்பு சிலந்திப்பேனுக்கும் கொண்டாட்டம். இலையின் அடியில் மிக நுண்ணிய வலையும் மேலே தூவினாற்போல் வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் அதுதான். ஈரத்துணியால் இலையின் இரு பக்கமும் துடைப்பது ஆரம்பத்திலேயே பலன் தரும்.

தினமும் தண்ணீர் தெளிப்பது இதற்குத் தீர்வாகாது. தெளித்த துளி சில நிமிடத்தில் காய்ந்துவிடும், அறையின் ஈரப்பதமும் பழைய இடத்துக்கு வந்துவிடும். காயாமல் இலையில் தேங்கினாலோ பூஞ்சைப் புள்ளிகள் வரும். செடிகளைக் கூட்டமாக வைப்பது, ஏசிக் காற்று நேராக அடிக்காத இடம், முடிந்தால் ஓர் ஈரப்பதக் கருவி: இவைதான் உருப்படியானவை. சிறிய செடி என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் வளர்க்கலாம்.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு பழைய கதை உண்டு. லண்டனில் மருத்துவராக இருந்த நத்தானியல் வார்டு, மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் இருந்த மண்ணில் பெரணி ஒன்று தானாக முளைத்து வாடாமல் வளர்வதைக் கண்டார். உள்ளே ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே வந்தது. 1833இல் இப்படிப்பட்ட பெட்டிகளில் செடிகளைக் கப்பலேற்றி சிட்னிக்கு அனுப்பிப் பார்த்தார். உப்புக்காற்றையும் மாதக்கணக்கான பயணத்தையும் தாங்கி அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு வெப்பமண்டலச் செடிகள் ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளுக்குக் குவியத் தொடங்கின. மகோயானாவின் பெயரே பெல்ஜியத்தில் லீஜ் நகரில் இருந்த ஜேக்கப் மகோய் நர்சரியை வைத்து வந்தது. பூவுக்காக அல்லாமல் இலைக்காகவே செடி வளர்க்கும் மோகம் அந்தக் காலத்தில்தான் சூடுபிடித்தது.

## மண்ணும் தண்ணீரும்

காட்டுத் தரையில் இந்தச் செடிகளின் வேர் ஆழமாகப் போவதில்லை. மட்கிய இலை, சுள்ளி, பட்டைத்துண்டு கலந்த மேலடுக்கிலேயே பரவி நிற்கும். அங்கே ஈரமும் உண்டு, காற்றும் உண்டு. வேரும் சுவாசிக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. இறுகிய மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுத்திணறிச் சாகும். அழுகல் கிருமிகள் வருவது அப்புறம்தான்.

ஆகவே கலவை பொலபொலவென்று இருக்க வேண்டும். கோகோபீட் (தென்னை நார்த்தூள்) இரண்டு பங்கு, பெர்லைட் (எடையில்லாத வெள்ளைக் கல்துகள்) ஒரு பங்கு, சிறு பட்டைத்துண்டுகளோ நன்கு மட்கிய இலை உரமோ ஒரு பங்கு. இந்த அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, வெறும் தோட்டத்து மண்ணை மட்டும் அப்படியே அமுக்கி நிரப்ப வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்று கேட்பவர்களுக்கு நாள் கணக்கில் பதில் கிடையாது. விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். மேல் இரண்டு சென்டிமீட்டர் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். நாள் கணக்கு ஏன் உதவாது என்றால், செடி எவ்வளவு குடிக்கும் என்பதை வெளிச்சமும்தான் தீர்மானிக்கிறது. வெளிச்சம் குறைந்தால் ஒளிச்சேர்க்கை குறையும், இலைத்துளைகள் குறைவாகத் திறக்கும், வேர் உறிஞ்சுவதும் குறையும். ஜன்னலோரத்தில் நான்கு நாளில் காயும் தொட்டி, மூலையில் பன்னிரண்டு நாளானாலும் ஈரமாக நிற்கும். அதே பழக்கத்தில் நான்கு நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேர் அழுகிய கலாத்தியாக்களில் பலவற்றுக்கு முதல் தவறு நடந்தது தண்ணீர்க் குவளையில் இல்லை, வைத்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

சுருக்கமாக: வெளிச்சம் தண்ணீர்த் தேவையைத் தீர்மானிக்கிறது, மண்ணின் காற்றோட்டம் வேரைக் காக்கிறது, தண்ணீரில் உள்ள உப்பு நுனியைக் கருக்குகிறது. வெப்பநிலை 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சுகம்; 15க்குக் கீழே இறங்கினால் தாங்காது. உரம் வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி.

## ஓர் இலையிலிருந்து செடி வருமா?

கலாத்தியா இலையைக் காம்போடு வெட்டித் தண்ணீரில் போட்டு "வேர் விடும், பாருங்கள்" என்று காட்டுகிறார்கள். வராது. அந்த இலை சில வாரம் பச்சையாகவே நிற்கும், அதுதான் நம்பிக்கையைக் கொடுத்து ஏமாற்றுகிறது. புதுத் தளிர் கிளம்ப ஒரு மொட்டு வேண்டும். மொட்டு இருப்பது கணுவில். கலாத்தியாவில் கணுக்கள் எல்லாம் மண்ணுக்குள் இருக்கும் மட்டநிலத்தண்டில் உள்ளன. மட்டநிலத்தண்டு என்பது இஞ்சி போல் மண்ணுக்குள் கிடைவாட்டில் படரும் தண்டு. நாம் வெளியே பார்ப்பது இலையும் அதன் நீண்ட காம்பும் மட்டும்தான். எனவே வீட்டில் இதைப் பெருக்க எளிய வழி, தொட்டி நிறைந்த பிறகு செடியை வெளியே எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் வேரும் சில இலைகளும் இருக்கும்படி பிரித்து நடுவது.

மராந்தா கதை வேறு. அதன் தண்டு மண்ணுக்கு மேலே படரும், கணுக்கள் கண்ணுக்குத் தெரியும். ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டித் தண்ணீரில் வைத்தால் சில வாரங்களில் வேர் வரும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சொந்தக்காரர்களில் ஒருவருக்கு இது முடிகிறது, இன்னொருவருக்கு முடியவில்லை என்றால் காரணம் இந்தக் கணு இருக்கும் இடம்தான்.

## புதிதாக வாங்கி வந்தால்

வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள். நர்சரி வெளிச்சத்தில் கட்டிய இலைகள் உங்கள் ஜன்னலுக்குப் பழக வேண்டும். அதற்குள் அடியில் உள்ள ஓரிரு பழைய இலைகள் மஞ்சளாவது இயல்பு. அந்த நேரத்தில் பதறி இடம், தண்ணீர், உரம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால், எதனால் என்ன ஆனது என்று கடைசிவரை தெரியாது. வாங்கும்போது இருந்த இலைகள் நர்சரியைப் பற்றித்தான் சொல்லும். உங்கள் வீட்டில் உருவாகி விரியும் முதல் இரண்டு மூன்று இலைகளைப் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவை அதே அளவிலும் காம்பு அதே தடிமனிலும் வந்தால் இடம் சரி. சிறுத்து, காம்பு நீண்டு, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்ந்தால், தண்ணீர்க் குவளையைத் தொடாமல் தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள்.